குக்கர் கேட்ட காதுக்கு எக்சோஸ் புரியும்

கேமரன் மலையின் கியா பார்ம் 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 95 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. குக்கர் இல்லாமல் அங்கே கொண்டைக்கடலை வேகவைப்பது பொறுமைசாலிகள் செய்யும் வேலை. தினமும் குக்கர் வைக்கிறவர் அதைத் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டார், காதிலேயே சமைப்பார். விசில் வந்தால் சரி. ஓரத்தில் புஸ் என்று சீறினால் கேஸ்கட் போய்விட்டது. கடகடவென்றால் கைப்பிடித் திருகு கழன்றிருக்கிறது, இல்லை உள்ளே தட்டு ஆடுகிறது. பழைய வண்டியின் எக்சோஸைப் பார்க்கவும் இந்தக் காது போதும்.

பழைய வண்டிக்கு கேமரன் மலையில் பஞ்சமில்லை. பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா வரை கோஸும் தக்காளியும் ஏற்றிப்போவது இன்னமும் லேண்ட்ரோவர்தான். 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான அந்த வண்டியின் பிந்தைய தலைமுறைகள், கதவு ஒரு நிறம் பானெட் ஒரு நிறமாக, இங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே, பின்பக்கம் படுக்கையும் காஸ் அடுப்பும் போட்டு கேம்பராக மாற்றிய வேன்களும் வார இறுதியில் ஏறி வரும்.

இன்ஜினில் எரிந்த புகை சும்மா வெளியேறுவதில்லை. எக்சோஸ் வால்வு திறக்கும்போது சிலிண்டருக்குள் வளிமண்டலத்தைப்போலப் பல மடங்கு அழுத்தம் இருக்கும். வால்வு திறந்ததும் அது வெடித்துக் கிளம்பும். குக்கர் எப்போதோ ஒரு விசில் அடிக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 100 விசில். இந்த நூறு அடியையும் மெனிபோல்ட் சேர்த்துக் குழாயில் விடுகிறது. சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும் துளையிட்ட குழாய்களும் ஒலியை முன்னும் பின்னும் மோதவிட்டு, ஒன்றை வைத்தே இன்னொன்றை அடக்குகின்றன. நாம் கேட்கும் உறுமல் அதில் மிஞ்சியது.

சத்தம் வந்ததும் எல்லாரும் பழி போடுவது சைலன்சர் மேல். ஒர்க்‌ஷாப்பில் போய், “போமென், சைலன்சர் மாத்திடுங்க” என்பார்கள். அவரும் மாற்றிக் கொடுப்பார், சத்தம் அப்படியே இருக்கும். என்னைக் கேட்டால், எப்படிச் சத்தம் வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் முதல் கேள்வி.

காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் டிக்-டிக்-டிக். பிரிஞ்சாங் போய்ச் சேர்வதற்குள் காணாமல் போகிறது. இது மெனிபோல்ட் கேஸ்கட். குக்கரும் முதலில் ஓரத்தில் சீறிவிட்டு, பிறகு தானே அடங்கும். அங்கே நீராவியின் அழுத்தம் ரப்பரை ஒட்டவைக்கிறது, இங்கே சூட்டில் விரியும் இரும்பு இடைவெளியை மூடுகிறது. சத்தம் நின்றதே என்று விட்டுவிட வேண்டாம், மறுநாள் காலை அது கொஞ்சம் பெரிதாகி வரும். டேப்பட் சத்தமும் இதே மாதிரிதான் கேட்கும், ஆனால் சூடேறினாலும் போகாது, ஏற்றத்தில் மிதிக்கும்போது கூடாது. லேண்ட்ரோவர் 2.25 லிட்டர் இன்ஜின் என்றால், டேப்பட் இடைவெளி 0.25 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளந்துவிட்டால் அந்தச் சந்தேகமும் தீரும்.

அடுத்தது இறக்கம். தாப்பா பாதையில் இரண்டாம் கியரில் காலை எடுத்துவிட்டு இறங்கும்போது பின்னால் டப் டப் என்று வெடித்தால், பெட்ரோல் வண்டியில் எங்கோ இணைப்பு ஓட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். புகை வெளியே கசியும் அதே ஓட்டை வழியாக, அழுத்தம் குறையும் நொடியில் காற்று உள்ளே போகிறது; எரியாமல் வந்த பெட்ரோல் அங்கே பற்றிக்கொள்கிறது. உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. கீழே சரிசெய்த கார்புரேட்டர் மேலே வந்ததும் பெட்ரோலை அதிகமாகவே கொடுக்கும், வெடிப்புக்கு அதுவும் தோதாகிறது. டீசல் வண்டிக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது எளிது. இன்ஜினை ஐடிலில் விட்டு, கையுறை போட்ட ஒருவர் ஈரச் சாக்கைச் சுருட்டி வால் குழாயைச் சில நொடி அடைக்கட்டும். குழாய் நல்லதாக இருந்தால் இன்ஜின் திணறும். திணறாமல் ஓடினால், புகைக்கு வேறு வாசல் இருக்கிறது. அடைக்கும் அந்த நேரத்தில் சீறல் கூடும், காதை வைத்தால் இடம் தெரியும். இருட்டில் தேட வேண்டியதில்லை, இணைப்புகளைச் சுற்றிக் கரி படிந்திருப்பதே அடையாளம்.

கேம்பர் என்றால் இதில் அலட்சியம் கூடாது. இரவுக் குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டபடி தூங்குகிறவர்கள் உண்டு. கசியும் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, தூங்குகிறவரை எழுப்பாது. காற்றால் குளிரும் இன்ஜின் உள்ள பழைய வோல்க்ஸ்வேகன் கோம்பியில் ஆபத்து இன்னும் நேரடியானது: எக்சோஸைச் சுற்றிய உறைக்குள் காற்றை ஊதி, அந்தச் சூட்டைத்தான் உள்ளே அனுப்புகிறார்கள். அந்த உறைக்குள் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் ஹீட்டர் வழியாகவே புகை வரும். சத்தம் சின்னதாக இருந்தாலும் சரிசெய்யும்வரை ஹீட்டரைத் தொடக்கூடாது, இன்ஜின் ஓடும்போது உள்ளே படுக்கவும் கூடாது.

துரு இந்த மலையில் வேகமாக வருவதற்கு மழை மட்டும் காரணமல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது, ஆவியாக. குக்கர் மூடியைத் திறந்தால் வழியுமே, அதேபோல் குளிர்ந்த சைலன்சருக்குள் அது வியர்த்துத் தேங்குகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அது காய்ந்துவிடும். சனிக்கிழமை கியா பார்ம் சந்தை நெரிசலில் முக்கால் மணி நேரம் நகர்ந்து, ஸ்ட்ராபெரி வாங்கிவிட்டு நிறுத்தும் வண்டியில் காயாது. அதனால்தான் இன்ஜினுக்கு எட்டத்தில், சூடு குறைவாக இருக்கும் கடைசிப் பெட்டி முதலில் உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே பெயின்ட் பளபளக்கும். குளிர்ந்தபின் முட்டியால் தட்டிப் பாருங்கள்: சலசலத்தால் உள்ளே தகடு பெயர்ந்திருக்கிறது. சைலன்சர்மேல் பழி போடுவது நியாயமாகும் ஒரே இடம் இது.

மிச்சமிருப்பது ஆட்டம். ஐடிலில் மட்டும் தகரம் அதிர்ந்து, லேசாக மிதித்ததும் நின்றால் வெப்பத் தடுப்புத் தகடு. பெரிய ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கினால் சில வெள்ளியில் முடிந்தது. கிளட்சை விடும்போதும் குழியில் இறங்கும்போதும் அடியில் தொம் என்று இடித்தால், குழாயைத் தொங்கவிடும் ரப்பர் அறுந்திருக்கும், அல்லது இன்ஜின் மவுண்ட் தளர்ந்து குழாய் சேஸியில் மோதும். மோதிய இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும். இரும்புக் கம்பியால் கட்டித் தொங்கவிடுகிறார்கள், அது தற்காலிகம்கூட அல்ல. ரப்பர் வாங்கிய அதிர்வையெல்லாம் கம்பி சேஸிக்குக் கடத்தி, வண்டி முழுவதையும் முனக வைக்கும்.

கேஸ்கட் மாற்றுவது என்று முடிவானால், முந்தைய நாள் இரவே மெனிபோல்ட் ஸ்டட்களில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். அவசரத்தில் ஸ்பேனரை முறுக்கி ஒரு ஸ்டட் உடைந்தால், அரைநாள் வேலை சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் வேலையாக வளரும். திரும்பப் பூட்டும்போது பித்தளை நட்டு போடச் சொல்லுங்கள். எஃகு ஸ்டட்டில் அது துருவேறி ஒட்டிக்கொள்ளாது, அடுத்தமுறை கழற்ற வருகிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.