வீட்டு விலங்குகளின் தோற்காயங்கள்: ஆறும் வகையும் பேணும் முறையும்

கொழும்பு மாநகரின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் நெருங்கியுள்ளன. அங்கு வளர்க்கப்படும் நாயும் பூனையும் காயமடைதல் அரிதன்று. தெருநாயின் கடி, வாகனத்தின் உராய்வு, மதிலின் மேற் பதித்த கண்ணாடித் துண்டு, துருப்பிடித்த தகரம் ஆகியன இதற்குக் காரணமாகும். காயத்தைக் கண்டு பதறும் உரியவர், மஞ்சள், சாம்பல், மண்ணெண்ணெய் என்று கைக்கு எட்டியதை அதில் இடுவதுண்டு. சிறு காயம் பெரும் புண்ணாவது பல வேளைகளில் இதனாலேயே. காயத்தை ஆற்றுவது உடலே. அதன் வேலைக்குத் தடையானவற்றை நீக்குவதே வளர்ப்போரின் கடமையாகும்.

காயம் ஆறும் ஒழுங்கு

தோல் கிழிந்தவுடன் குருதி உறைந்து காயத்தின் வாயை அடைக்கின்றது. அடுத்த சில நாட்களில் வெண்குருதிக் கலங்கள் அங்கு கூடிக் கிருமிகளையும் இறந்த இழையத்தையும் அகற்றுகின்றன. அப்பொழுது தோன்றும் சிறு வீக்கமும் சூடும் இவ்வேலையின் அடையாளங்கள். மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் சிவந்த புதிய இழையம் மணிமணியாக அடியிலிருந்து வளரத் தொடங்கும். விளிம்பிலுள்ள தோற்கலங்கள் அதன் மேல் ஊர்ந்து காயத்தை மூடும். ஓரங்களும் உள்நோக்கிச் சுருங்கும்.

மேலே மூடிவிட்டதனால் வேலை முடிந்துவிடுவதில்லை. மூன்று வாரங்களின் பின்னரும் தழும்பின் வலிமை முன்னைய தோலின் வலிமையில் ஏறக்குறைய நூற்றுக்கு 20 பங்கே. மாதங்கள் பல சென்றாலும் அது நூற்றுக்கு 80 பங்கைத் தாண்டுவது அரிது. தையல் அகற்றிய அன்றே நாயை ஓடவும் பாயவும் விடலாகாது என்பது இதனாலேயே. பூனைக்கு இன்னும் பொறுமை வேண்டும். தைத்த காயம் ஏழாம் நாளில் நாயிற் பெறும் வலிமையின் பாதியளவையே பூனையிற் பெறுகின்றது என்று 2004 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

மூடிய காயம் விரைந்து ஆறும்

காயத்தைக் காற்றுப்பட உலரவிடுதலே நன்று எனப் பலர் எண்ணுவர். 1962 இல் ஜோர்ஜ் வின்டர் என்னும் ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் இதனைச் சோதித்தார். மெல்லிய படலத்தால் மூடி ஈரமாக வைத்த காயங்கள், திறந்து உலரவிட்டவற்றிலும் ஏறக்குறைய இருமடங்கு விரைவாகப் புதுத் தோலைப் பெற்றன. உலர்ந்த பொருக்கின் கீழே தோற்கலங்கள் வழிதேடி ஆழத்தில் ஊரவேண்டும். ஈரப்பரப்பிலோ தடையின்றி ஊரும். எனினும் மழைநீரில் நனைந்த கட்டுக் கிருமிகளுக்கு வாயிலாகும். கொழும்பின் மழைக்காலத்தில் நனைந்த கட்டை உடனே மாற்றுக.

கழுவும் முறை

குருதி பாய்ந்தால், சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் இடைவிடாது அழுத்துக. பின்னர் சுற்றியுள்ள மயிரை வெட்டி, ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் இரண்டு மட்டத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அந்நீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவுக.

உப்புநீர் நல்லதெனின் வெள்ளவத்தைக் கடலில் நாயைக் குளிப்பாட்டலாமே என்று சிலர் கேட்பர். அது தகாது. உடலின் நீர்க்கு ஒத்த உப்பு லீற்றருக்கு 9 கிராம். கடல்நீரிலோ ஏறக்குறைய 35 கிராம். அன்றியும் நகரத்துக் கால்வாய்கள் கலக்கும் கரையில் அழுக்கும் மிகுதி.

மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, மதுசாரம், ஐதரசன் பேரொட்சைட்டு என்பன கிருமியோடு புதிய கலங்களையும் அழிக்கும். பீனோல் வகைக் கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சாகும். பூனை தன் உடலை நக்குவதால் அவை எளிதில் வயிற்றுட் செல்லும். வலிக்கென மனிதருக்குரிய பரசிற்றமோல் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்தலும் கூடாது. ஒரு மாத்திரையே அதன் உயிரைப் போக்கலாம்.

இலையானும் புழுவும்

வெப்பமும் ஈரமும் மிக்க கொழும்பில், திறந்த காயத்தில் இலையான் இட்ட முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிக்கக்கூடும். சில வகை இலையான்களின் புழுக்கள் உயிருள்ள தசையையே துளைத்துண்ணும். தீய நாற்றம், ஓயாது நக்குதல், மயிரினூடே கசியும் நீர் ஆகியன அதற்கான அறிகுறிகள். ஆழத்திலுள்ள புழுவை மிருக வைத்தியரே முற்றாக அகற்றவேண்டும். காயத்தை நக்காதிருக்கக் கழுத்தைச் சுற்றிக் கூம்புவடிவக் காப்பு அணிவிக்கலாம்.

வைத்தியரை நாடவேண்டிய காலம்

வாய் பிளந்த காயத்தை ஆறு மணி நேரத்துக்குள் காட்டுதல் நன்று; பிந்தினால் கிருமிகள் பெருகுவதால் உடனே தைக்க இயலாது போகலாம். பூனையின் கடி சிறு துளையாகவே தோன்றும். மேலே மூடி உள்ளே சீழ்க்கட்டும். அத்தகைய துளையைச் சிறிதென்று விட்டுவிடலாகாது.

கடிகாயம் எதுவாயினும் விசர்நாய்க்கடி நோயை நினைவிற் கொள்க. இந்நோயைத் தடுக்க இலங்கையில் 1893 ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அறியாத நாயாற் கடியுண்ட விலங்கைக் கையுறையின்றித் தொடாதீர். சிறுவரை அதனருகே விடாதீர். தடுப்பூசி பற்றி அன்றே மிருக வைத்தியரிடம் கேளுங்கள். மனிதர் கடியுண்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நோய்க்குறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது.

வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி இடுவிக்க. கொதித்தாறிய நீர், உப்பு, சுத்தமான துணி, கையுறை ஆகிய நான்கும் வீட்டில் ஆயத்தமாக இருக்கட்டும்.