ஊவா மலைகளில் மின் துவிச்சக்கரவண்டி

பதுளை நகர் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. அப்புத்தளையோ 1,400 மீற்றருக்கும் மேல். மிதிப்பவரின் விசையோடு மோட்டாரின் விசையையும் சேர்த்துத் தரும் மின் துவிச்சக்கரவண்டி, சாதாரணப் பயணிக்கும் இந்த ஏற்றத்தை எட்டச்செய்கின்றது. எனினும் ஏற்றத்தில் மின்கலம் விரைவில் தீரும். ஆகவே பல நாள் பயணத்தில் இரவுத் தங்குமிடமே மின்னேற்றும் இடமுமாகின்றது. தோட்ட மக்களின் பங்கு பற்றிய கேள்வி எழுவதும் இங்கேதான்.

ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களில் 300 கிலோமீற்றருக்கும் அதிகமாக நீளும் பீக்கோ நடைவழி, அப்புத்தளை, எல்ல பகுதிகளின் ஊடாகவும் செல்கின்றது. அதன் பெரும்பகுதி பிரித்தானியர் காலத் தோட்டப் பாதைகளே. துரைமாரின் பங்களாக்கள் பல இன்று விடுதிகளாகிவிட்டன. அப்பாதைகளில் நாளாந்தம் கொழுந்து சுமப்போரில் மிகப் பலருக்கோ தாம் வாழும் லயன் அறைக்கே உறுதி இல்லை. உறுதியின்றி வங்கிக் கடன் பெறுவதெங்ஙனம்? விருந்தினர் அறை கட்டுவதெங்ஙனம்? பயணி லயனைப் படம்பிடித்துவிட்டு, பங்களாவில் பணம் செலுத்துகின்றார். காணியுரிமையைத் தீர்க்காமல் சுற்றுலா வருமானம் தோட்டத்தைச் சேரும் என்பது வெறும் பேச்சு.

பயணத்துக்கு ஜூன் முதல் செப்டெம்பர் வரையிலான வறண்ட மாதங்களே உகந்தவை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதையுண்டது 2014 ஒக்டோபர் 29இல். டித்வா புயல் பதுளை மாவட்டத்தைச் சிதைத்தது 2025 நவம்பரில்.