சக்கரத்தைத் திருப்பும் எண்ணெய்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குச் செல்லும் சாலையில் திருப்பாலைவனம் என்னும் ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் வறண்ட மணல்வெளியை எண்ணிவிட வேண்டாம். பாலை மரங்கள் செறிந்த வனம் என்பதே அப்பெயருக்குக் கூறப்படும் பொருள். அவ்வூரைக் கடந்து சிறிது தூரம் சென்றால் காற்றில் உப்பு வாடை வீசும். உப்பங்கழியும், வலை உலர்த்திய குப்பங்களும் கண்ணுக்குத் தெரியும். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஏரிக்கு வரும் பூநாரைகளைக் காண வேண்டும் என்னும் ஆசையால் என் பழைய காரில் அவ்வழியே சென்றேன். பறவைகளைப் பார்க்கப் புறப்பட்ட நான் அன்று பெரும்பொழுது பார்த்தது என் காரின் அடிவயிற்றைத்தான்.

திருப்பாலைவனத்துக்கருகே ஒரு வளைவில் ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பினேன். வழக்கமாக ஒரு கையின் விரல்களுக்கே இணங்கும் சக்கரம், அன்று கிணற்றில் சிக்கிய வாளியைப் போல் கனத்தது. இரு கைகளாலும் இழுத்தேன். கார் திரும்பியது; ஆனால் நான் எண்ணியதைவிட அகலமாகத் திரும்பியது. எதிரே மீன் கூடையுடன் இருசக்கர வண்டியில் ஒருவர் வந்துகொண்டிருந்தார். நான் பிரேக்கை மிதித்தேன். அவர் சாலையை விட்டு மண்ணில் இறங்கினார். இருவரும் நின்றபோது எங்களுக்கிடையே ஒரு முழ தூரங்கூட இல்லை. அவர் என்னை வைதது முற்றிலும் நியாயமே. அச்சொற்களை வானொலியில் சொல்ல இயலாது. வைது முடித்தபின், படகு எஞ்சின்களையும் மீன் வண்டிகளையும் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரை அவரே சென்று அழைத்து வந்தார்.

அந்த இளைஞர் செய்ததைச் சொல்லும் முன், பவர் ஸ்டியரிங் என்பது என்ன என்பதைச் சிறிது விளக்க வேண்டும்.

மூடிய கலத்தில் அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அவ்வழுத்தம் குறையாமல் எல்லாத் திசைக்கும் பரவும். பிரெஞ்சு நாட்டறிஞர் பாஸ்கல் கண்ட இவ்விதியை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். காரின் முன்புறம், எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்ட சிறிய பம்பு ஒன்று இருக்கிறது. அஃது எண்ணெயை அழுத்திக் குழாய்கள் வழியே ஸ்டியரிங் அமைப்புக்கு அனுப்புகிறது. நீங்கள் சக்கரத்தைத் திருப்பத் தொடங்கும்போது, மெல்லிய எஃகுத் தண்டு ஒன்று அணுவளவு முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கம் ஒரு வால்வைத் திறக்கிறது. எண்ணெய், பிஸ்டனின் வலப்புறத்துக்கோ இடப்புறத்துக்கோ பாய்ந்து அதனைத் தள்ளுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 80 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டனின் பரப்பு 8 சதுர சென்டிமீட்டர் ஆனால், 640 கிலோ எடைக்கு ஒப்பான விசை நம் கைக்குத் துணை வருகிறது. கையை நிறுத்தினால் முறுக்கம் தீர்கிறது. வால்வு நடுநிலைக்கு வருகிறது. எண்ணெய் வேலையின்றிச் சுற்றி வருகிறது. இவ்வளவு நுட்பமான ஏவலாள் நம் வீடுகளில்கூடக் கிடைப்பதில்லை.

அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தில் லாரிப் பிரிவுப் பொறியாளராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ் என்பவர் 1926ஆம் ஆண்டில் இவ்வமைப்பைத் தம் காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஆனால் விலை மிகுதி என்று கார் உற்பத்தியாளர் தயங்கினர். இரண்டாம் உலகப் போரில் கனத்த கவச வண்டிகளைத் திருப்ப அது பயன்பட்டது. 1951ஆம் ஆண்டில்தான் கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் கார் வழியே பொதுமக்களுக்குக் கிடைத்தது. இன்று நம் நாட்டில் விற்கும் புதிய சிறு கார்களில் பெரும்பாலானவை எண்ணெயின்றி மின்சார மோட்டாரின் துணையால் திரும்புபவை. ஆதலால் எண்ணெய் வாங்கக் கடைக்குச் செல்லுமுன், உங்கள் வீட்டுக் காரில் எண்ணெய்க் கலம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய கார்களிலும், பேருந்து லாரிகளிலும் எண்ணெய்தான் இன்றும் பெரிதும் உழைக்கிறது.

அவ்வெண்ணெய்க்கு வேலை ஒன்றன்று. விசையைக் கடத்த வேண்டும், பம்பின் உறுப்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேயாமல் காக்க வேண்டும், சூட்டை வாங்கிக்கொண்டு போக வேண்டும், துருப்பிடிக்க விடக்கூடாது, நுரைக்கக் கூடாது, ரப்பரால் ஆன ஆயில் சீல்களை வாட்டவோ ஊதச் செய்யவோ கூடாது. கடைசியாகச் சொன்ன வேலையில்தான் என் கார் தவறிப்போயிற்று.

இளைஞர் எண்ணெய்க் கலத்தின் மூடியைத் திறந்து முகர்ந்தார். சிரிஞ்சால் சிறிது எண்ணெயை உறிஞ்சிக் கண்ணாடிப் புட்டி ஒன்றில் விட்டு நிழலில் வைத்தார். நாங்கள் தேநீர் அருந்தி வருவதற்குள், புட்டியில் இருந்தது இரண்டு அடுக்காகப் பிரிந்துவிட்டது. மேலே செந்நிற எண்ணெய். கீழே மங்கிய வேறொரு திரவம். கீழடுக்கில் சில துளிகளை எடுத்துத் தண்ணீர்க் குவளையில் விட்டார். அது மிதக்கவில்லை, கரைந்தே போயிற்று.

“சார், இதுல யாரோ பிரேக் ஆயில ஊத்தியிருக்காங்க. ஆயிலா இருந்தா தண்ணியில மெதக்கணும்ல?” என்றார்.

என் நினைவு உடனே இரண்டு மாதங்களுக்கு முன் சென்றது. நகரத்தில் ஒரு பணிமனையில், அளவு குறைந்திருக்கிறது என்று சொல்லி, கைக்குக் கிடைத்த புட்டியிலிருந்து ஊற்றினார்கள். நான் அருகில் நின்றும் அது என்ன என்று கேட்கவில்லை. பிறகு இரண்டு வாரமாகத் திருப்பும்போதெல்லாம் பம்பு முனகியது. நான் காரிலிருந்த வானொலியின் ஒலியைச் சற்றுக் கூட்டிக்கொண்டேன். வானொலிக்கு இப்படியும் ஒரு தீய பயன் உண்டென்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பெரும்பாலான பிரேக் திரவங்கள் கிளைக்கால் வகையைச் சார்ந்தவை. பெட்ரோலியத்திலிருந்து வருபவை அல்ல. ஸ்டியரிங்கில் உள்ள ரப்பர் பெட்ரோலிய எண்ணெயைத் தாங்குவதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டது. கிளைக்கால் திரவத்தில் அது ஊதி மென்மையாகிவிடும். அதன்பின் அழுத்தம் எங்கே நிற்கும்? சீலின் ஓரமாகக் கசிந்து ஒழுகிவிடும். இதற்கு மறுதலையான தவறு இன்னும் கொடியது. ஸ்டியரிங் எண்ணெயைப் பிரேக் கலத்தில் ஊற்றினால், பிரேக்கின் ரப்பர்கள் ஊதிப் பிரேக்கே செயலற்றுப் போகக்கூடும். ஸ்டியரிங்கில் எண்ணெய் வற்றினாலும் சக்கரம் கனமாகவேனும் திரும்பும். இரும்புப் பிணைப்பு அறுபடுவதில்லை. பிரேக்கில் அந்தச் சலுகை இல்லை.

சரியான எண்ணெயைத் தேர்வது எப்படி? நிறத்தைப் பார்த்து அன்று. ஏ.டி.எஃப். எனப்படும் தானியங்கிக் கியர் எண்ணெய் வகை சிவப்பாக இருக்கும். டெக்ஸ்ரான் என்று புட்டிகளில் காண்பது அவ்வகைக்குரிய ஒரு தர அளவு. பல கார்கள் அதனையே ஸ்டியரிங்குக்கும் கேட்கின்றன. ஜெர்மானியக் கார்கள் சிலவற்றுக்குப் பசுமை நிறமுள்ள செயற்கை எண்ணெய் வேண்டும். ஹோண்டா நிறுவனம் தன் பழைய கார்களுக்குத் தன் சொந்த எண்ணெயையே ஊற்றச் சொல்கிறது. சிவப்பும் பச்சையும் சாயமே. சாயம் குணத்தைச் சொல்லாது. காரோடு தரும் கையேட்டிலும், பெரும்பாலும் கலத்தின் மூடியிலும் வகையின் பெயர் பொறித்திருக்கும். அந்தப் பெயரும் புட்டியின் பின்புறம் அச்சிட்ட பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று எழுதிய புட்டிகளை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன்; எல்லார் காலுக்கும் பொருந்தும் செருப்பை நான் இதுவரை கண்டதில்லை.

எப்போது மாற்றுவது என்பதிலும் கையேடே முதற்சான்று. சில உற்பத்தியாளர் கால அளவே குறிப்பதில்லை. அவ்விடத்து நம் கண்ணும் மூக்கும் உதவும். வெள்ளைத் துணியில் ஒரு துளி விட்டால், நல்ல எண்ணெய் தெளிவாகப் படரும். கரும்பழுப்பு நிறமும் தீய்ந்த வாடையும் முதுமையின் அடையாளம். பால்போல் கலங்கியிருந்தால் நீர் புகுந்திருக்கிறது, நுரைத்திருந்தால் காற்று. இன்னொன்றும் நினைவிலிருக்கட்டும். எஞ்சின் எண்ணெயாவது சிறிது எரிந்து குறையும். ஸ்டியரிங் எண்ணெய் எரிவதேயில்லை. அது குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்பதே பொருள். மேலே ஊற்றிக்கொண்டே இருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் சேந்துவது போன்றது. பழவேற்காட்டுப் பக்கத்தில் இது மிகவும் உண்மை. உப்புக் காற்றும், மீன் பெட்டிகளிலிருந்து உருகி வழியும் பனிக்கட்டி நீரும் அடிப்புற எஃகுக் குழாய்களை வெளியிலிருந்தே அரித்துவிடுகின்றன. அங்குள்ள மீன் வண்டிகளில் குழாய் மாற்றாத வண்டி அரிது என்று அந்த இளைஞர் சொன்னார்.

மாற்றும் முறைகள் இரண்டு. எளிய முறை, கலத்தில் உள்ளதைச் சிரிஞ்சால் உறிஞ்சியெடுத்துப் புதிதை நிரப்பி, எஞ்சினை ஓட்டிச் சக்கரத்தைச் சில முறை திருப்பி, மீண்டும் உறிஞ்சுவது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கணித மாணவர் போட்டுப் பார்க்கலாம். மொத்த எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு கலத்தில் இருப்பதாகக் கொண்டால், முதல் தடவைக்குப் பின் மூன்றில் இரண்டு பங்கு பழையது எஞ்சும். இரண்டாம் தடவைக்குப் பின் ஒன்பதில் நான்கு. மூன்றாவதில் இருபத்தேழில் எட்டு. நான்கு தடவை செய்தாலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பழைய எண்ணெய் உள்ளேயே சுற்றும். எண்ணெய் வெறுமனே மூப்படைந்திருந்தால் இம்முறை போதும். என் காரில் இருந்ததோ வேறு இனத் திரவம். அதில் ஒரு பங்கையும் விட்டுவைக்க முடியாது.

ஆகவே இளைஞர் இரண்டாம் முறையைக் கைக்கொண்டார். ஜாக்கியால் முன்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தித் தாங்குகட்டை வைத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காரின் கீழே நுழையக் கூடாது. எண்ணெய் திரும்பி வரும் ஹோஸைக் கலத்திலிருந்து கழற்றி ஒரு கேனில் விட்டார். கலத்தில் அந்தத் துளையை அடைத்தார். பொன்னேரியிலிருந்து வாங்கி வந்த எண்ணெயை நான் கலத்தில் ஊற்ற ஊற்ற, அவர் எஞ்சினை ஓட்டாமலே சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பினார். கேனில் முதலில் கலங்கலாகவும், பிறகு மெல்ல மெல்லத் தெளிவாகவும் வந்தது.

“ஊத்திக்கிட்டே இருங்க சார், டேங்க் காலியானா காத்து பூந்துடும்” என்று மூன்று முறையாவது எச்சரித்திருப்பார். காற்று புகுந்தால் பம்பு அலறும். எண்ணெயோடு இரும்பும் தேயும். ஹோஸை மாட்டியபின் மீண்டும் எஞ்சின் ஓடாத நிலையில் இருபது தடவை மெதுவாகத் திருப்பினோம். குமிழிகள் கலத்தில் எழுந்து அடங்கின. அளவைச் சரிசெய்த பிறகே எஞ்சினுக்கு உயிர் கொடுத்தார். சக்கரத்தைக் கோடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிராதீர்கள் என்பது அவர் சொன்ன மற்றொன்று. அப்போது எண்ணெய்க்குப் போக்கிடமின்றிப் பாதுகாப்பு வால்வு திறந்து, சில வினாடிகளிலேயே சூடு ஏறிவிடும்.

“இது ஊர் போய்ச் சேர்றதுக்குத்தான் சார். ஊதுன சீல் ஊதுனதுதான். போனதும் மாத்திடுங்க” என்றார். பின்னர் மாற்றினேன். பணிமனையில் ஊற்றிய ஒரு கிண்ணத் திரவத்துக்கு நான் கொடுத்த விலை ஒரு மாதச் செலவை நெருங்கியது.

இனிக் கேனில் இருந்த பழைய எண்ணெய். ஒரு லிட்டருக்குச் சற்று மிகுதியாக இருந்தது. சாலையோரத்தில் கால்வாய் ஓடியது. என் கண் அங்கே சென்றதைக் கவனித்துவிட்டார்போலும். “அங்க வேணாம் சார், அது ஏரிக்குத்தான் போவுது” என்றார்.

பழவேற்காடு, சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இறாலும் நண்டும் அதன் சேற்றில் வாழ்கின்றன. பாடு என்னும் முறைப்படி இடத்தை முறைவைத்துப் பகிர்ந்து வலையிடும் குடும்பங்கள் அவற்றால் வாழ்கின்றன. எண்ணெய் நீரின்மேல் படலமாகப் பரவிக் காற்றைத் தடுக்கும். மண்ணோடு கலந்தால் அடியில் படிந்து சேற்றிலும் தங்கும். இவ்வூராருக்கு இது புத்தகப் பாடமன்று. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழியிலும் எண்ணெய் பரவியது. படகும் வலையும் கறுத்தன. மீனவர்களே படகேறிச் சென்று எண்ணெயை மொண்டு அள்ளினர். எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நீர்வழித் தொடர்பு உண்டு. நான் அவ்வழியே சென்றது அதற்குச் சில வாரங்களுக்குப் பின்புதான்.

பயன்படுத்திய எண்ணெயை நம் நாட்டுச் சட்டமும் அபாயக் கழிவு என்றே வகுத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் விதிகள் அதனைச் சொல்கின்றன. உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் அது சேர்ந்தால் மீண்டும் எண்ணெயாகலாம். ஆனால் பிரேக் திரவம் கலந்ததை மற்றக் கழிவெண்ணெயோடு சேர்க்கக் கூடாது. பீப்பாய் முழுதும் கெட்டுவிடும். அதனால் இளைஞர் அந்தக் கேனைத் தம் பீப்பாயில் கவிழ்க்காமல், மூடியை இறுக்கி, “பிரேக் ஆயில் கலந்தது” என்று கரித்துண்டால் எழுதி என்னிடமே கொடுத்துவிட்டார்.

கேனைக் காரின் பின்புறத்தில் சாயாமல் வைத்துக்கொண்டு பழவேற்காட்டுப் பாலத்தருகே சென்றபோது பொழுது சாய்ந்துவிட்டது. பூநாரைகள் தொலைவில், நீருக்குமேல் இளஞ்சிவப்பாய் ஒரு கோடுபோலத் தெரிந்தன. அந்த இருசக்கர வண்டிக்காரர் கூடையைக் காலிசெய்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். என் காரைக் கண்டதும் முன்னெச்சரிக்கையாக மண்ணிலேயே இறங்கி நின்று, நான் வளைவைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.