வெல்டிங் ஷாப் கேஸுக்கு ஆபரேஷன் தியேட்டர்ல என்ன வேலை?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இன்பிளான்ட் ட்ரெய்னிங் போனவங்களுக்கு சி.ஓ.டூ வெல்டிங் தெரிஞ்சிருக்கும். உருகின இரும்பு மேல காற்று படாம இருக்க, டார்ச் முனையிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வந்து போர்வை மாதிரி மூடும். திறந்த இதய அறுவை சிகிச்சையிலும் இதே கேஸுக்கு இதே வேலைதான். அங்கே காப்பாத்த வேண்டியது நோயாளியோட மூளையை.

வால்வு மாற்றும்போது இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை ஹார்ட்-லங் மெஷின் வழியா ஓடவிட்டு, இதய அறையைத் திறப்பாங்க. அப்போ காற்று உள்ளே போயிடும். தையல் போட்டு, இதயம் மறுபடி துடிக்க ஆரம்பிச்சதும், உள்ளே ஒளிஞ்சிருந்த குமிழ்கள் ரத்தத்தோட கிளம்பும். மூளைக்குப் போய் அடைச்சா ஸ்ட்ரோக். காற்றில் 78% இருக்கிற நைட்ரஜன் ரத்தத்தில் லேசில் கரையாது. கார்பன் டை ஆக்சைடு அதைவிட 20 மடங்குக்கும் மேல கரையும். காற்றைவிட 1.5 மடங்கு கனம் வேற. அதனால திறந்த மார்புக்குழியில் தண்ணி மாதிரி தேங்கி, காற்றை மேலே தள்ளிடும். அப்புறம் குமிழ் மாட்டினாலும் சீக்கிரம் கரைஞ்சிடும்.

பைபாஸ் கதை கொஞ்சம் வேற. 1975-ல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பைபாஸ் செஞ்சவர் டாக்டர் கே.எம். செரியன். பிற்காலத்தில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி எளாவூரில் ஃப்ரான்டியர் மெடிவில் மருத்துவப் பூங்காவைத் தொடங்கினவரும் அவர்தான். பைபாஸில் இதய அறையைத் திறக்கிறதில்லை, ரத்தக்குழாயைத்தான் தைக்கிறாங்க. தைக்கிற இடத்து ரத்தத்தை ஊதி விலக்க மட்டும் இந்த கேஸ் உதவும்.

சரி, குழியை எப்படி நிரப்புறது? சிலிண்டர், ரெகுலேட்டர், ஃப்ளோமீட்டர், கிருமி வடிகட்டி, ட்யூப். நிமிஷத்துக்கு 5 முதல் 10 லிட்டர். ட்யூபை அப்படியே குழிக்குள்ள விட்டா போதாதா? இங்கேதான் நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வருது. 6 மி.மீ. ட்யூபில் 10 லிட்டர் போனா வேகம் நொடிக்கு சுமார் 6 மீட்டர், ரெனால்ட்ஸ் எண் 4,000-ஐத் தாண்டும். டர்புலன்ஸ். அந்த ஜெட் சுத்தியிருக்கிற காற்றையும் இழுத்துக்கிட்டு உள்ளே போகும். வெல்டிங்கில் கேஸ் ஃப்ளோவை ரொம்ப ஏத்தினா குறையுறதுக்கு பதிலா பொராசிட்டி கூடுதே, அதே கதை.

ட்யூப் முனையில் ஒரு ஃபோம் டிஃப்யூசர் மாட்டினா விஷயம் முடிஞ்சது. பரப்பு 10 சதுர செ.மீ.னு வெச்சுக்கிட்டா, அதே 10 லிட்டர் நொடிக்கு 17 செ.மீ. வேகத்தில் மெதுவா வழியும். ஸ்வீடனில் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் மாதிரிக் குழியில் அளந்து பார்த்தப்போ, டிஃப்யூசர் போட்டா மிஞ்சின காற்று 1% அளவுக்கு இறங்கிடுச்சு. வெறும் ட்யூபில் அது பல மடங்கு.

சிலிண்டரும் கொஞ்சம் ஏமாத்தும். உள்ளே இருக்கிறது திரவம், 20 டிகிரியில் சுமார் 57 பார். திரவம் தீர்ற வரைக்கும் கேஜ் முள் அசையாது, அப்புறம் சட்டுனு விழும். எவ்வளவு மீதினு தெரிய எடை போடணும். 31 டிகிரிக்கு மேல திரவம்னு ஒண்ணே இருக்காது, சூப்பர்கிரிட்டிக்கல் ஆயிடும். திருவள்ளூர் மே மாச வெயிலில் வெளியே நிற்கிற சிலிண்டரோட நிலைமை அதுதான். வெல்டிங் சிலிண்டரைத் தியேட்டரில் மாட்ட முடியாதுனு சொல்லத் தேவையில்லை, மருத்துவத் தரம் தனி.

தியேட்டரில் இன்னொரு எதிரி சக்‌ஷன். கேஸ் வர்ற வேகத்தைவிட அது அதிகமா உறிஞ்சினா, குழிக்குள்ள மறுபடி காற்றுதான் வரும். உறிஞ்சின ரத்தத்தோட கார்பன் டை ஆக்சைடும் மெஷினுக்குப் போறதால ரத்தத்தில் அதோட அளவு ஏறும். பெர்ஃப்யூஷனிஸ்ட் ஆக்சிஜனேட்டருக்குப் போற கேஸ் ஓட்டத்தைக் கூட்டி அதை வெளியேத்துவார்.

இவ்வளவுக்கும் ஸ்ட்ரோக் குறையுதா? எக்கோவில் பார்த்தா குமிழ்கள் குறையுது. ஆனா மூளை பாதிப்பு குறையுதுனு எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லலை. குமிழைத் தவிர, மகாதமனியிலிருந்து உடையுற கால்சியத் துணுக்குகளும் மூளைக்குப் போகுது. அதைத் தடுக்க எந்த கேஸாலும் முடியாது.