உப்புக் காற்றில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டு

"சைக்கிளோடு கூடவே ஒரு ஸ்டாண்டு வருகிறதே, அது போதாதென்று இன்னொன்றா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சைக்கிளை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டு. பழுது பார்ப்பதற்காக அதைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஸ்டாண்டு. இந்த இரண்டாவது ரகத்தை வேலை முடிந்ததும் குடையைப் போல் மடக்கிக் கதவுக்குப் பின்னால் சாத்திவிடலாம். எல்லா ஊர்க்காரர்களும் இதை வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கூனிமேட்டுக்காரர்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் போகிற வழியில் இருக்கிறது கூனிமேடு. கிழக்கே சமுத்திரம். மேற்கே, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலிச் சதுப்பு நிலம். வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புத்தான்!

அடுப்பங்கரையில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர் விட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவிகிதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியச் சத்தும் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரமாகவே கசிந்துவிடும். உங்கள் சைக்கிள் செயினில் படிகிற உப்புத் தூசியும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. இராத்திரி முழுவதும் சைக்கிள் திண்ணையோரம் சும்மா நிற்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். உண்மையில் அது உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது!

இதனால் யாருக்கு நஷ்டம்? விடியுமுன் உப்பளத்துக்குப் புறப்படுகிறவருக்கு வழியில் செயின் அறுந்தால் அன்றையக் கூலிக்கே ஆபத்து. அரசுப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் படிப்பவர்களுக்கு அரசாங்கம் விலையில்லாமல் சைக்கிள் கொடுக்கிறது. அது இரண்டு வருஷப் படிப்பு முடியும்வரை ஓட வேண்டாமா? இலவசமாக வந்தது சைக்கிள் மட்டும்தான். எண்ணெய் போடுவது வீட்டுக்காரர் பொறுப்பு.

உப்போடு பிரயாணம் செய்கிறவர்களுக்கு இந்த முன்யோசனை ஒன்றும் புதிதல்ல. சங்க காலத்து உப்பு வணிகர்களான உமணர்கள், பாரமேற்றிய வண்டியின் அடியில் உபரியாக ஓர் அச்சையும் கட்டிக்கொண்டு போனார்கள். ஔவையார் புறநானூற்றில் அதையே உவமையாக்கியிருக்கிறார். மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்ற கவலை அன்றே இருந்திருக்கிறது!

சரி, ஸ்டாண்டுக்கு வருவோம்.

முதலில், உங்களுக்கு அது வேண்டுமா என்று பாருங்கள். பழைய கறுப்பு சைக்கிள்களில் பின்சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தும் இரட்டைக்கால் ஸ்டாண்டு உண்டு. செயினுக்கு எண்ணெய் போட அதுவே போதும். ஆகையால் பின்சக்கரத்தை மட்டும் தூக்கும் சிறிய ரகத்தை வாங்கினால், இருப்பதையே மறுபடியும் வாங்கினதாகும். முன்சக்கரம், பிரேக், பெடல் அச்சு எல்லாவற்றையும் நீங்களே கவனிப்பதாக இருந்தால்தான், சைக்கிளை முழுவதும் தூக்கிப் பிடிக்கும் ரகம் தேவை. ஒற்றைக்கால் ஸ்டாண்டு உள்ள சைக்கிள்களுக்கு இது மிகவும் சௌகரியம். சிலர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு வேலை பார்ப்பார்கள். அவசரத்துக்கு அது சரி. ஆனால் மணலில் கவிழ்த்தால் மணியும் பிரேக் பிடியும் மண்ணைத் தின்னும்.

இரண்டாவது, பாரம். இரும்பு சைக்கிள் ஒன்று கேரியரோடு சேர்ந்து சுமார் 20 கிலோ இருக்கும். ஸ்டாண்டு 25 முதல் 30 கிலோ வரையாவது தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு சங்கதி: 20 கிலோவை மார்பளவு உயரத்துக்கு யார் தூக்குவது? பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தன் சைக்கிளைத் தானே மாட்ட வேண்டுமானால், நன்றாகத் தாழ்த்தக்கூடிய ஸ்டாண்டு வேண்டும். சக்கரம் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்தால் போதும். மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம். எவ்வளவு உயரம் ஏறும் என்று பார்ப்பவர்கள், எவ்வளவு இறங்கும் என்று பார்ப்பதில்லை!

மூன்றாவது, பிடி. சைக்கிளைக் கவ்வும் இடுக்கியில் ரப்பர் பதித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயிண்டு சுரண்டிப் போகும். சுரண்டிய இடத்தில் முதலில் உட்காருவது துருதான். சீட்டுக்குக் கீழே இருக்கும் குழாயைக் கவ்வுவதே உத்தமம். நம் ஊர் சைக்கிள்களில் சீட்டு தாழ்வாக இருப்பதால் அங்கே இடம் போதாமல் போகலாம். அப்போது சீட்டைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளுங்கள். ஆனால் குழாய் மூன்று அங்குலமாவது உள்ளே இருக்கட்டும். பிரேக் கம்பியோ ஒயரோ ஓடும் இடத்தில் இடுக்கியைப் போடாதீர்கள்.

நான்காவது, கால்கள். கால்கள் நன்றாக அகன்றிருக்க வேண்டும். சைக்கிள் தொங்கும் பக்கமாக ஒரு கால் நீண்டிருப்பது நல்லது. கடையின் சிமெண்டுத் தரையில் அசையாமல் நிற்கிற ஸ்டாண்டு, நம் வாசல் மணலில் ஒரு பக்கமாகப் புதையும். அடியில் ஒரு பலகையைப் போடுங்கள். பிற்பகலில் கடற்காற்று எழும்பினால், தொங்குகிற சைக்கிள் பாய்மரம் மாதிரி ஆடும். ஆகவே காலை வேளையில், சுவரின் மறைவில் வேலையை முடித்துவிடுங்கள்.

ஐந்தாவது சமாசாரம்தான் இந்தக் கரைக்கே உரியது. துருவை ஒழிக்க வாங்கிய ஸ்டாண்டே துருப்பிடித்தால் என்ன செய்வது? இரும்பு ஸ்டாண்டானால் பெயிண்டு கெட்டியாக இருக்கிறதா, மடங்கும் மூட்டுகளிலும் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். "அலுமினியம் துருப்பிடிக்காது" என்பார் கடைக்காரர். வாஸ்தவம்தான். ஆனால் அதன் திருகாணிகள் இரும்பு. இரண்டு உலோகங்களும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால், அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து திருகாணி இறுகிவிடும். வாங்கிய அன்றே எல்லாத் திருகாணிகளையும் கழற்றி, கிரீஸ் தடவி மாட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பிடிகள் வெயிலில் வெடிக்கும். ஸ்டாண்டை வீட்டுக்குள் வையுங்கள்.

இனி வாரத்துக்கு அரை மணி நேரம் போதும். சைக்கிளை மாட்டி, ஒரு குடம் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவுங்கள். துணியால் துடைத்து, செயினை நன்றாக உலரவிட்டுப் பிறகு எண்ணெய் போடுங்கள். ஈரத்தின் மேல் எண்ணெய் போட்டால் உப்புத் தண்ணீருக்கு மூடி போட்டது போலாகும். மேலே வழிகிற எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மணல் ஒட்டிக்கொள்ளும்.

மாதம் ஒரு முறை செயினை இரும்பு டேப்பால் அளந்து பாருங்கள். ஒரு கண்ணிக்கு அரை அங்குலம். ஆக 24 கண்ணிகளுக்குச் சரியாக 12 அங்குலம். ஆணியின் நடுவிலிருந்து ஆணியின் நடுவரை அது 12⅛ அங்குலமாக நீண்டிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. "இன்னும் ஓடுகிறதே!" என்று விட்டுவைத்தால், தேய்ந்த செயின் பல்சக்கரங்களையும் தின்றுவிடும். அப்புறம் ஒன்றுக்கு மூன்றாகச் செலவு.

ஸ்டாண்டு வாங்க இப்போது கையில் பணம் இல்லையா? வேப்பமரக் கிளையில் உறுதியான கயிற்றைப் போட்டு, சீட்டின் அடியில் ஒரு முடிச்சும் ஹாண்டிலில் ஒரு முடிச்சுமாகத் தொங்கவிடுங்கள். பார்ப்பதற்கு ஊஞ்சல் மாதிரி இருக்கும். பரவாயில்லை, அடுத்த வீட்டுக்காரர் சிரித்துவிட்டுப் போகட்டும். அடுத்த வாரம் அவரே தம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, "கயிறு கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்பார். இல்லையென்று சொல்லாமல் கொடுங்கள். கூடவே எண்ணெய்க் கிண்ணத்தையும் கொடுத்தனுப்புங்கள்.