தலைநகரில் முதல் நாள்

டில்லி மாநகரைப் பற்றி நம்மவர்கள் இரண்டு விதமாகப் பேசுவதுண்டு. "ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது" என்பார்கள் ஒரு சாரார். "பத்து வருஷமாக இருக்கிறோம், இன்னும் குதுப் மினாரைப் பார்த்தபாடில்லை" என்பார்கள் மற்றொரு சாரார். முன்னவர் சுற்றுலாப் பஸ்ஸில் ஏறி, பத்துப் பன்னிரண்டு இடங்களில் இறங்கி ஏறியவர்கள். பின்னவர் வீடு, ஆபீஸ், காய்கறிக் கடை என்னும் முக்கோணத்தை விட்டு வெளியே வராதவர்கள். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

மணமாகியோ மாற்றலாகியோ புதிதாக இந்நகருக்கு வந்து சேரும் தமிழ்த் தம்பதிகளுக்கு, முதல் நாள் ஊர் பார்த்தல் வெறும் பொழுதுபோக்கு அன்று. வேலைக்குப் போகும் கணவனுக்கு இரண்டு மூன்று வாரங்களிலேயே பாஷையும் பாதையும் ஓரளவு பழகிவிடுகின்றன. வீட்டில் இருக்கும் மனைவிக்கோ நான்கு சுவர்களும், ஜன்னல் வழியே தெரியும் அடுத்த வீட்டு மொட்டை மாடியுமே டில்லி. முதன்முதல் அவள் வெளியே வரும் நாள், "மறுபடியும் வரலாம்" என்ற தைரியத்தை அவளுக்குத் தரவேண்டும். "போதும், ஊருக்கே போய்விடலாம்" என்ற அலுப்பைத் தந்துவிடலாகாது.

எம் வீட்டில் இந்தப் பேச்சு வெறும் பேச்சாக இல்லை. எம் மனைவி இங்கு வந்து பதினெட்டு நாட்கள் ஆகியிருந்தன. பால் வாங்கும் கடைக்கு அப்பால் அவள் சென்றதில்லை. "எனக்கு இவ்வூர் ஒத்துவராது; நான் அம்மாவிடம் போய் இருக்கிறேன். நீங்கள் லீவு கிடைக்கும்போது வந்து போங்கள்" என்று சொல்லிவிட்டாள். மாதக் கடைசியில் புறப்படும் வண்டியில் அவளுக்கு ஓர் இடமும் பதிவாகியிருந்தது. அதற்கு முன் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரைப் பார்த்துவிடுவது என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். அது பிப்ரவரி மாதம். குளிர் தணிந்து, வெயில் இதமாக இருந்தது.

கோட்டையில் தொடங்கினோம்

ஏழு டில்லிகள் என்று சொல்வார்கள். அத்தனையையும் ஒரே பகலில் அடக்க நாங்கள் முயலவில்லை. பழைய நகரில் ஒரு வீதி, புதிய நகரில் ஒரு வீதி என்று இரண்டே வீதிகளை வகுத்துக்கொண்டோம்.

காலையில் மெட்ரோ ரயிலில் லால் கிலா ஸ்டேஷனில் இறங்கிச் செங்கோட்டைக்குச் சென்றோம். ஆக்ராவிலிருந்து தலைநகரை இங்கு மாற்ற எண்ணிய ஷாஜஹான் சக்கரவர்த்தி 1639ஆம் ஆண்டில் தொடங்கி, 1648இல் முடித்த கோட்டை இது. லாகூர் வாயிலைக் கடந்தால் இருபுறமும் கடைகள் நிறைந்த கூரையிட்ட அங்காடி. அதைத் தாண்டினால் பொதுமக்கள் சபை, பின்பு சக்கரவர்த்தியின் தனிச் சபை. மயிலாசனம் இருந்த இடம் இதுதான். அந்த ஆசனத்தை 1739இல் நாதிர் ஷா பாரசீகத்துக்கு எடுத்துச் சென்றுவிட்டான். கடைசி மொகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபரை 1858இல் ஆங்கிலேயர் இக்கோட்டையிலேயே விசாரித்து ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள்.

பளிங்கு மண்டபங்களைவிட எம் மனைவியின் மனத்தைத் தொட்டது இங்கு நடந்த வேறொரு விசாரணைதான். இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த ஷா நவாஸ் கான், பிரேம் ஸஹ்கல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர் மீது 1945 நவம்பரில் இக்கோட்டையில் வழக்கு நடந்தது. நேதாஜியின் அப்படையில் மலாயாவிலிருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பலர் சேர்ந்திருந்தனர். அதன் பெண்கள் படைக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி. அவர் 1947இல் இந்தப் பிரேம் ஸஹ்கலையே மணந்து, கான்பூரில் குடியேறி, அகதிகளுக்கும் ஏழைகளுக்கும் வைத்தியம் செய்து, 2012இல் காலமாகும் வரை அங்கேயே வாழ்ந்தார்.

"கான்பூரில் அவருக்கு முதலில் யார் துணை இருந்திருப்பார்கள்?" என்று கேட்டாள் எம் மனைவி. நாம் பதில் சொல்லவில்லை. அவளும் பதிலை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் நேரு இக்கோட்டையில் கொடியேற்றியது 1947 ஆகஸ்டு 16ஆம் தேதி. 15ஆம் தேதி என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இச்செய்தியை ஊருக்கு எழுதவேண்டும் என்று அவள் குறித்துக்கொண்டாள்.

நிலவு வீதி

கோட்டை வாயிலுக்கு நேர் எதிரே தொடங்குகிறது சாந்தினி சௌக். ஷாஜஹானின் மகள் ஜஹானாரா வகுத்த வீதி இது. நடுவே ஓடிய கால்வாயும், நிலவொளி விழும் குளமும் இதற்கு இப்பெயரைத் தந்தன. இன்று கால்வாயும் இல்லை, குளமும் இல்லை. 2021இல் வீதியைச் சீரமைத்தபின் பகற்பொழுதில் மோட்டார் வண்டிகள் இதில் செல்லக் கூடாது என்று விதி செய்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையில் பெரும்பாலான கடைகள் மூடியிருப்பதால் கூட்டமும் குறைவு. முதன்முறை வருவோர் நடந்து பார்க்க உகந்த நாள் அதுவே.

வீதியின் தொடக்கத்தில் சமணர்களின் சிவப்புக் கோயில். அடிபட்ட பறவைகளுக்கு அங்கே ஒரு மருத்துவமனையும் நடக்கிறது. அடுத்து கௌரி சங்கர் கோயில். சற்றுத் தள்ளி சீஸ் கஞ்ச் குருத்வாரா. சீக்கியரின் ஒன்பதாம் குருவான தேஜ் பகதூர் 1675இல் உயிர்த்தியாகம் செய்த இடம் அது. மேற்கு முனையில் ஷாஜஹானின் பத்தினிகளுள் ஒருவரான பதேபூரி பேகம் கட்டிய மசூதி. ஒரே வீதியில், ஒரு மணி நேர நடையில், இத்தனையும் அமைந்திருக்கின்றன.

பகல் உணவைக் குருத்வாராவிலேயே கொண்டோம். தலையை மூடிக்கொண்டு, பாதரட்சைகளை வெளியே விட்டு, உள்ளே சென்றால் யாராயிருந்தாலும் உணவு உண்டு. ஜாதி, மதம், ஊர் கேட்பாரில்லை. நம் ஊர்ப் பந்தியைப் போலவே தரையில் வரிசையாக அமர்கிறார்கள். ரொட்டியை இரு கைகளையும் ஏந்தி வாங்கவேண்டும். எம் மனைவி ஒரு கையை நீட்டியபோது பக்கத்தில் இருந்த மூதாட்டி ஒருவர், அவளுடைய மற்றொரு கையையும் மெல்லப் பற்றிச் சேர்த்துவைத்தார். பிறகு ஹிந்தியில் ஏதோ கேட்டார். "மதராஸ்" என்ற சொல் மட்டும் இவளுக்குப் புரிந்தது. தலையசைத்தாள். மூதாட்டி தம் மார்பைத் தொட்டு, "லாகூர்" என்றார். பிரிவினையின்போது, கைக்குழந்தையாக, தம் தாயாருடன் வந்தவராம். நமக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் மிச்சத்தைக் கேட்டுச் சொன்னோம்.

வெளியே வந்து நெடுநேரம் அவள் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் இவ்வூரில் எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தாம் போலிருக்கிறது" என்றாள். உண்மை அதுவே. கோட்டையைக் கட்டினவர்களின் முன்னோர் மத்திய ஆசியாவிலிருந்து வந்தார்கள். புது டில்லியை எழுப்பினவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தார்கள். 1947இல் பஞ்சாபிலிருந்து லட்சக்கணக்கானோர் உடுத்த துணியோடு வந்தார்கள். நாம் இரும்புப் பாதை வழியாகச் சுமார் 2,180 கிலோமீட்டர் கடந்து வந்திருக்கிறோம்.

ஐந்தாவது ஸ்டேஷன்

அடுத்துப் புது டில்லிக்குப் போகவேண்டும். இங்கே ஓர் ஏற்பாடு செய்தோம். சாந்தினி சௌக் மெட்ரோ ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கும் பொறுப்பை எம் மனைவியிடம் ஒப்படைத்தோம். ஜன்னலில் பணத்தை நீட்டி, "சென்ட்ரல் செக்ரடேரியட், தோ" என்றாள். "தோ" என்றால் இரண்டு. அவள் இந்நகரத்தாரிடம் பேசிய முதல் ஹிந்திச் சொல் அதுதான்.

மெட்ரோவில் வண்டி செல்லும் திசையில் உள்ள முதற் பெட்டி பெண்களுக்கே உரியது. அதில் அவள் ஏறுவது, அடுத்த பெட்டியில் நாம் ஏறுவது என்று சொன்னோம்.

"தனியாகவா? இறங்கும் இடம் தவறிவிட்டால்?"

"சாவ்ரி பஜார், நியூ டெல்லி, ராஜீவ் சௌக், படேல் சௌக், ஐந்தாவது நம் ஸ்டேஷன். விரல் விட்டு எண்ணிக்கொண்டு வா. ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் வண்டியிலேயே ஆங்கிலத்திலும் சொல்வார்கள். ஒருவேளை தவறினாலும் அடுத்ததில் இறங்கி அங்கேயே நில், நாம் வந்துவிடுவோம்."

அந்த ஐந்து ஸ்டேஷன்களும் எமக்கு ஐந்து மணி நேரமாகத் தோன்றின. ராஜீவ் சௌக்கில் ஏறின கூட்டத்தில் முன்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. சென்ட்ரல் செக்ரடேரியட்டில் இறங்கி எட்டிப் பார்த்தால், அவள் நமக்கு முன்பே பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். சுண்டுவிரல் முதல் கட்டைவிரல் வரை ஐந்தையும் மடக்கிக் காட்டினாள்.

ஆட்சி வீதி

1911 டிசம்பர் 12ஆம் தேதி, டில்லி தர்பாரில், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து இங்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். இருபது ஆண்டுக் காலம் கட்டி, 1931இல் புது டில்லியைத் திறந்தார்கள். மேட்டின்மேல் நிற்கும் ராஷ்டிரபதி பவனத்தில் 340 அறைகள் உண்டு. அதை வகுத்தவர் லுட்யன்ஸ். அதன் இருபுறமும் நிற்கும் செயலகக் கட்டடங்களை வகுத்தவர் ஹெர்பர்ட் பேக்கர். அருகே 2023 மே 28ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய பாராளுமன்றக் கட்டடம். திருவாவடுதுறை ஆதீனத்தார் 1947இல் நேருவிடம் அளித்த செங்கோல், அதன் மக்களவையில்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

அங்கிருந்து கிழக்கு நோக்கி நேராகச் செல்வது கர்த்தவ்ய பத். 2022 வரை ராஜபாட்டை என்னும் பொருளில் ராஜ்பத் என்று வழங்கிய வீதி இது. புல்வெளி ஓரமாக வேர்க்கடலை கொறித்துக்கொண்டு, சுமார் இரண்டு கிலோமீட்டர் நடந்து இந்தியா கேட்டை அடைந்தோம். 42 மீட்டர் உயரமுள்ள இவ்வளைவில், முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆப்கானியப் போரிலும் மாண்ட 13,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பின்னால் உள்ள கல் மண்டபத்தில் ஐந்தாம் ஜார்ஜின் சிலை இருந்தது. 1968இல் அதை அகற்றினார்கள். 2022 முதல் அங்கே நிற்பவர் நேதாஜி. காலையில் கோட்டையில் கேட்ட கதை மாலையில் இங்கே வந்து முடிந்ததைக் கண்டு மகிழ்ந்தோம்.

பக்கத்தில் 2019 பிப்ரவரி 25இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகம். சுதந்திரத்துக்குப் பின் உயிர் நீத்த 25,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களை வட்டச் சுவர்களில் பதித்திருக்கிறார்கள். பரம் வீர் சக்கரம் பெற்றவர்களின் மார்பளவுச் சிலைகளுள் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் சிலையும் உண்டு. மும்பையில் பிறந்தவர், 1987 நவம்பர் 25ஆம் தேதி இலங்கையில் போரிட்டு வீழ்ந்தவர். அந்தப் பெயரைப் படித்து அங்கே சற்று நேரம் நின்றோம்.

இருட்டும் வேளையில் கான் மார்க்கெட் மெட்ரோ ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் சென்றோம். வழியில் ஒரு தெருவின் பெயர்ப் பலகையைக் கண்டு எம் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சுப்பிரமணிய பாரதி மார்க்! பலகையில் ஹிந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது ஆகிய நான்கு எழுத்துக்கள், தமிழ் இல்லை. ஆனால் பெயர் நம் கவியின் பெயர்.

பின் நடந்தது

மறுநாளோ அதற்கு மறுநாளோ அவள் ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை மாலை நாம் வீடு திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. அரை மணி கழித்து, கையில் பையுடன், தனியாக மெட்ரோவிலிருந்து வந்து இறங்கினாள். பையில் கறிவேப்பிலையும் இட்லி அரிசியும். விசாரித்து விசாரித்துத் தமிழர் கடை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள். "அந்த டிக்கெட்டை என்ன செய்யலாம்?" என்று அவளே கேட்டாள். ரத்துக் கட்டணம் போக மிச்சப் பணம் திரும்பி வந்தது. ரயில்வே கணக்கில் நஷ்டம்; வீட்டுக் கணக்கில் லாபம்.

புதிதாக வரும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். திங்கட்கிழமை புறப்படாதீர்கள், செங்கோட்டைக்கு அன்று விடுமுறை. முதல் நாளில் இரண்டு வீதிகளுக்கு மேல் வேண்டாம். வாடகை மோட்டாரை நாள் முழுதும் அமர்த்தாதீர்கள்; நாளைக்கு உங்கள் மனைவி எந்த வண்டியில் போகவேண்டுமோ அந்த வண்டியிலேயே இன்று அழைத்துச் செல்லுங்கள். ஒரு டிக்கெட்டையாவது அவரே வாங்கட்டும்.

மற்றவை ஓடிப்போகமாட்டா. ஹுமாயூன் சமாதியை இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். கணவருக்காக மனைவி ஹாஜி பேகம் எழுப்பிய கட்டடம் அது. 1947இல் அகதிகள் தங்கியதும் அதன் தோட்டத்தில்தான். மூன்றாம் ஞாயிறு குதுப் மினாருக்கு. ராமகிருஷ்ணபுரத்தில், 1973இல் குடமுழுக்குக் கண்ட உத்தர சுவாமிமலை முருகன் இருக்கிறான். 1946இல் தோன்றிய டில்லித் தமிழ்ச் சங்கமும் அப்பகுதியிலேயே இருக்கிறது. குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லித்தரத் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் உண்டு. இவற்றுக்கெல்லாம் வழி கேட்டுக்கொண்டு போக, முதல் நாளில் கொஞ்சம் தைரியம் சேர்த்துக்கொண்டால் போதும்.