கரும்புப் பணம் வருமுன்னும் வந்த பின்னும்

"தறிக்காரனுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது, அதான் கடன்" என்று ஆரணியில் யாராவது சொன்னால் மறுத்துப் பேச ஆள் வராது. பட்டு நெய்கிறவர்களில் பலர் முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர்கள். சேலையை ஒப்படைத்தால்தான் கூலி. அதிலும் ஒரு பங்கு கடனில் கழிந்துவிடும். அந்தப் பேச்சு உண்மையா என்று சோதிக்க முடியுமா? இந்த வடிவில் முடியாது. கடன்பட்ட நெசவாளரையும் கடனில்லாத கடைக்காரரையும் உட்காரவைத்துத் தேர்வு வைத்தால், படிப்பு, சாப்பாடு, தூக்கம் என்று இருவருக்கும் எல்லாமே வேறு. எந்த விடை வந்தாலும் அது எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

கேள்வியை எப்படித் திருத்துவது என்பதற்கு ஆரணி இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிகளில் 54 ஊர்கள், 464 சிறு கரும்பு விவசாயிகள். ஏழைக்குப் புத்தி மட்டா என்று அவர்கள் கேட்கவில்லை. பணமுடை ஒரே மனிதரின் கவனத்தைத் தின்கிறதா என்று கேட்டார்கள். அதற்காக அதே விவசாயிகளைக் கரும்பு வெட்டுக்கு முன்பு ஒரு முறையும், பணம் வந்த பிறகு ஒரு முறையும் சோதித்தார்கள். வெட்டுக்கு முன்பு 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள்; பணம் வந்த பிறகு 4 சதவீதம். ஊகம் சரியென்றால் முதல் தேர்வில் மதிப்பெண் குறைய வேண்டும். குறையாவிட்டால் ஊகம் செத்தது.

தேர்வும் எளியதுதான். அட்டையில் '5 5 5' என்றிருக்கும். எத்தனை இலக்கம் என்பதைச் சொல்ல வேண்டும். விடை மூன்று, ஆனால் வாய் ஐந்து என்று முந்திக்கொள்ளும். கூடவே படப் புதிர்கள். வெட்டுக்கு முன்பு பிழையும் கூடியது, நேரமும் கூடியது.

பருவம் மாறியதால் இருக்குமோ? ஆலை எல்லாருக்கும் ஒரே நாளில் கட்டிங் ஆர்டர் தருவதில்லை. ஒருவர் பணத்தை எண்ணும் அதே மாதத்தில் இன்னொருவர் காத்திருப்பார். இரண்டாம் முறை எழுதிய பழக்கமோ? அதற்காகவே சிலரை முதலில் விட்டுவைத்து, வெட்டுக்குப் பிறகு மட்டும் சோதித்தார்கள். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆனால் 2016-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு, சிந்தனைத் திறனில் வித்தியாசம் எதையும் காணவில்லை. மறுக்க வழிவிட்டுக் கேட்டதால்தான் அப்படி மோதிப் பார்க்க முடிந்தது.

நெசவாளர்களிடம் இதைச் செய்வது இன்னும் சிக்கல். பாவு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நாளில் முடிவது வசதிதான். ஆனால் கூலி வாங்கும் நாளுக்கு முன்பு அவசரமும் அசதியும் இருக்கும். மழைக்காலத்தில் குழித்தறிக்குள் ஈரம் ஏறி வேலையே தடைப்படும். ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் ஆய்வாளர்கள் வேறு வழி பிடித்தார்கள்: குலுக்கல் முறையில் சிலருக்குக் கூலியின் ஒரு பகுதியை முன்னதாகவே கொடுத்தார்கள். அப்படி வாங்கியவர்கள் அதிகத் தட்டு தைத்தார்கள், தப்பும் குறைந்தது.

உளவியல் ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் ஆரணிக்கு வரலாம். எந்த முடிவு வந்தால் உங்கள் ஊகம் தவறு என்பதை மட்டும், தறி வீட்டுக்குள் நுழையும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.